ரைசன் 7 1700: 3.8 கிகாஹெர்ட்ஸோடு நிறுத்துவதா, 4.0-ஐ எட்ட முயல்வதா?

படத்தொகுப்பாளன் (16 ஏப்ரல் 2017)

அனைவருக்கும் வணக்கம்.

ஏஎம்டியின் புதிய ரைசன் 7 1700 செயலியை வாங்கி, பி350 சிப்செட் கொண்ட ஒரு மதர்போர்டில் பொருத்தியிருக்கிறேன். ராம் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4-3000. கூலர், செயலியின் பெட்டியிலேயே வந்த ரெய்த் ஸ்பைர். திருமண வீடியோக்களைத் தொகுத்து எக்ஸ்264 என்ற வீடியோச் சுருக்க மென்பொருளில் ஏற்றுமதி செய்வதுதான் இந்தக் கணினியின் முதன்மையான வேலை. ஓய்வு கிடைக்கும்போது 1080பி திரையில் விளையாடுவதும் உண்டு. பழைய நான்கு கோர் செயலியில் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஏற்றுமதி இப்போது சாப்பிட்டு எழுவதற்குள் முடிந்துவிடுவதால், செயலியின் மீது குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஓவர்கிளாக் செய்வதில், அதாவது செயலியை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்தான் சில ஐயங்கள் இருக்கின்றன.

எதையும் மாற்றாதபோது எட்டுக் கோர்களும் முழுச் சுமையில் 3.2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி ஓடின. செயலியின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்15 மென்பொருளின் பல கோர் மதிப்பெண் 1400-க்குச் சற்று மேலே வந்தது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) பெருக்கியை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கும் எண்ணை, 38 ஆக்கி, மின்னழுத்தத்தைத் தானியங்கியிலேயே விட்டபோது மதிப்பெண் 1640-ஐ ஒட்டி உயர்ந்தது. ஆனால் வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டியதோடு, மின்விசிறியின் இரைச்சல் அடுத்த அறை வரை கேட்டது. 3.9-இல் விண்டோஸ் திறக்கிறது, சினிபெஞ்சும் முடிகிறது. ஏற்றுமதியின் நடுவில் மட்டும் கணினி உறைந்துவிடுகிறது. 4.0-இல் திரை கறுப்பாகவே நிற்கிறது. இணையத்தில் பலர் 4.0-இல் ஓட்டுவதாக எழுதுகிறார்களே, என் செயலி மட்டும் சோடையா, அல்லது நான் எதையாவது விட்டுவிட்டேனா?

இன்னும் இரண்டு செய்திகள். ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினால் கணினி தொடங்க மறுத்து, தானாகவே 2133-க்குத் திரும்பிவிடுகிறது. மேலும், ஒருநாள் கணினியை உறக்க நிலையிலிருந்து எழுப்பிய பிறகு, அதே 3.8-இல் சினிபெஞ்ச் 1900-க்கு மேல் காட்டியது. மறுதொடக்கம் செய்ததும் பழைய மதிப்பெண்ணே வந்தது. இதற்குக் காரணம் என்ன?

வோல்ட்மானி (16 ஏப்ரல் 2017)

நண்பருக்கு வணக்கம். உங்கள் செயலி சோடை அல்ல. 1700 வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

முதலில் அந்த 1900. உறக்க நிலையிலிருந்து எழுந்த பின் ஓவர்கிளாக் செய்யப்பட்ட ரைசனில் கணினியின் நேரக் கணக்கு பிறழ்ந்துவிடும் குறை ஒன்று தொடக்ககாலப் பயாஸ்களில் இருக்கிறது. செயலி பழைய வேகத்திலேயே ஓடும். கணினியின் கடிகாரம் மட்டும் மெதுவாக நகரும். ஆகவே வேலை குறைந்த நேரத்தில் முடிந்ததாகக் கணக்கிட்டு, சினிபெஞ்ச் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடுகிறது. சோதித்துப் பார்க்க விரும்பினால், கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தைக் கணினியின் கடிகாரத்தோடு ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். ஏஎம்டி மார்ச் இறுதியில் அறிவித்த அஜெசா 1.0.0.4 (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை நிரல்) இக்குறையைச் சரிசெய்கிறது. அதை உள்ளடக்கிய பயாஸை உங்கள் மதர்போர்டு நிறுவனம் வெளியிட்டிருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். இணையத்தில் காணும் வியப்பூட்டும் மதிப்பெண்கள் சிலவற்றுக்கும் இந்தக் குறையே காரணமாக இருக்கக்கூடும் என்பதால், படத்தை மட்டும் நம்பி ஏங்க வேண்டாம்.

அடுத்தது மின்னழுத்தம். பெருக்கியை உயர்த்திவிட்டு மின்னழுத்தத்தைத் தானியங்கியில் விட்டதுதான் உங்கள் 80 டிகிரிக்குக் காரணம் என்று கருதுகிறேன். எந்தச் செயலி பொருத்தப்பட்டாலும் கணினி தொடங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்தில், மதர்போர்டுகள் இந்த நிலையில் 1.4 வோல்ட் வரைகூடத் தாராளமாகக் கொடுத்துவிடுகின்றன. 3.8-க்கு அவ்வளவு தேவையில்லை. 1.25 வோல்ட்டைக் கையால் இட்டுத் தொடங்குங்கள். செயலியை முழுச் சுமையில் சோதிக்கும் பிரைம்95 ஓடும்போது பிழை காட்டினால் ஒவ்வொரு படியாக உயர்த்துங்கள். சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிவதைத் தடுக்கும் எல்எல்சி அமைப்பை நடுத்தர நிலையில் வையுங்கள்; உச்ச நிலையில் வைத்தால் சுமை இறங்கும் கணத்தில் மின்னழுத்தம் குறித்த அளவைத் தாண்டித் துள்ளும்.

4.0-ஐப் பற்றி. இந்தச் செயலி குளோபல்ஃபவுண்டரீஸின் 14 நானோமீட்டர் எல்பிபி தயாரிப்பு முறையில் உருவாகிறது. குறைந்த மின்னழுத்தத்தில் மிகச் சிக்கனமாக ஓடும் இந்த முறை, 3.8-ஐக் கடந்ததும் ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் கேட்கும் விலையைச் சட்டென்று உயர்த்திவிடுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35 வோல்ட் வரை ஏற்கத்தக்கது என்றும், 1.45 வரை செல்லலாம், ஆனால் செயலியின் ஆயுள் குறையக்கூடும் என்றும் ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. உங்கள் செயலி 4.0-ஐ 1.4 வோல்ட்டில் எட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். செயலி உண்ணும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுவதால், 1.25 வோல்ட்டில் 3.8 என்ற நிலையோடு ஒப்பிட்டால் சுமார் 32 விழுக்காடு கூடுதல் வெப்பத்தை அந்தக் கூலர் வெளியேற்றியாக வேண்டும். கிடைக்கும் வேகமோ 5 விழுக்காடு. ஒரு மணி நேர ஏற்றுமதியில் மூன்று நிமிடம் மிச்சமாகும். அதுவும் இந்தச் சித்திரை வெயிலில். 3.2-இலிருந்து 3.8-க்கு வந்ததில் ஏறத்தாழ 19 விழுக்காட்டை ஏற்கனவே பெற்றுவிட்டீர்கள். என் கருத்தில் ஓவர்கிளாக்கின் பலன் அங்கேயே முடிந்துவிட்டது.

பி350 மதர்போர்டு என்பதால் இன்னொரு எச்சரிக்கை. செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி இவ்வகை மதர்போர்டுகளில் பெரும்பாலும் சிறியது. சிலவற்றில் அதன் மேல் ஹீட்சிங்க்கூட இருப்பதில்லை. ஸ்பைர் கூலர் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் விஆர்எம்முக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கிறது. செயலியைக் குளிர்விக்க வேண்டும் என்று கோபுர வடிவக் கூலருக்கு மாறினால் செயலியின் வெப்பம் இறங்கும். விஆர்எம்மின் வெப்பம் ஏறிவிடலாம். மாறுவதானால் பெட்டிக்குள் காற்றோட்டத்தையும் சேர்த்து யோசியுங்கள். ஏஎம்4 சாக்கெட்டின் திருகுத் துளைகள் ஏஎம்3-இன் துளைகளிலிருந்து இடம் மாறியிருப்பதால், பழைய கூலர் கையில் இருந்தால் அதற்கு ஏஎம்4 பிடிமானம் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பெருக்கியை நேரடியாக மாற்றினால் வேலையில்லாத நேரத்திலும் செயலி அதே வேகத்தில், அதே மின்னழுத்தத்தில் நிற்கும். உங்கள் பயாஸில் பி-ஸ்டேட்டை (சுமைக்கேற்ப வேகமும் மின்னழுத்தமும் மாறும் நிலைகளை) மாற்றும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். முழுச் சுமைக்கான பி0 நிலையில், வேகத்துக்கான எஃப்ஐடி 98, டிஐடி 8, மின்னழுத்தத்துக்கான விஐடி 30 என்று பதினாறடிமான எண்களில் இட்டால் 3.8 கிகாஹெர்ட்ஸும் 1.25 வோல்ட்டும் வரும்; சுமை இல்லாதபோது இரண்டும் தாமாகவே இறங்கும்.

எட்டுகோர் (17 ஏப்ரல் 2017)

வோல்ட்மானி ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 3.8-க்குப் போவதே எல்லோருக்கும் பொருந்தும் என்று இந்த இழையைப் படிப்பவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது அதே வரிசையின் விலை கூடிய 1800எக்ஸ். கையால் பெருக்கியை மாற்றிய அந்தக் கணமே செயலி தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போவும் எக்ஸ்எஃப்ஆரும் அணைந்துவிடும். என் செயலி தானாக ஓடும்போது ஓரிரு கோர் வேலைகளில் 4.1 வரை போகிறது. எல்லாக் கோர்களுக்கும் சுமை வந்தால் 3.7-இல் நிற்கிறது. எல்லாவற்றையும் 4.0-இல் கட்டிவைத்தால் பல கோர் வேலையில் 8 விழுக்காடு கூடும். ஒற்றைக் கோர் வேலையில் இப்போதிருப்பதையே இழப்பேன். ஆகவே தொட்டுப் பார்த்துவிட்டு, பழையபடியே விட்டுவிட்டேன். 1700-இன் நிலை வேறு: அதன் உச்சமே 3.75 என்பதால், 3.8-இல் கட்டினால் இழப்பதற்கு எதுவும் இல்லை. 499 டாலர் செயலியைவிட 329 டாலர் செயலியே ஓவர்கிளாக்குக்கு நல்ல சரக்கு என்று வெளியீட்டுக்கு மறுநாளே பேச்சு எழுந்ததற்கு இதுதான் காரணம். 170 டாலர் கூடுதலாகக் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுத எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

1700எக்ஸ், 1800எக்ஸ் வைத்திருப்பவர்கள் வெப்பநிலையைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்விரண்டிலும் டிசிடிஎல் என்ற அளவு உண்மை வெப்பநிலையைவிட 20 டிகிரி கூட்டியே காட்டப்படுகிறது. எல்லாச் செயலிகளுக்கும் ஒரே மின்விசிறி வேகக் கொள்கை பொருந்த வேண்டும் என்பதற்காக ஏஎம்டி செய்த ஏற்பாடு இது. மென்பொருள் 75 என்று காட்டினால் உள்ளே 55 தான். 1700-இல் இந்தக் கூட்டல் இல்லை; ஆகவே கேள்வி கேட்டவரின் 80 உண்மையான 80.

நினைவகன் (17 ஏப்ரல் 2017)

செயலியின் வேகத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் ரைசனில் இப்போதைக்குப் பெரிய மிச்சம் கிடப்பது ராமில்தான். நண்பரின் 3000 ராம் 2133-இல் ஓடிக்கொண்டிருப்பது 4.0 எட்டாததைவிடப் பெரிய இழப்பு.

ரைசன் 7-இன் எட்டுக் கோர்களும் ஒரே குடும்பமாக இருப்பதில்லை. நான்கு நான்காக, சிசிஎக்ஸ் என்ற இரண்டு தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கென 8 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) வைத்திருக்கிறது. ஒரு சிசிஎக்ஸில் உள்ள கோருக்கு மற்றதன் கேஷில் உள்ள தரவு வேண்டுமானால் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் வழியாகத்தான் போய் வர வேண்டும். அந்தப் பாதையின் கடிகாரம் ராமின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது: டிடிஆர்4-2133 என்றால் 1066 மெகாஹெர்ட்ஸ், 2933 என்றால் 1466, 3200 என்றால் 1600. ஒரே சிசிஎக்ஸுக்குள் இரண்டு கோர்கள் பேசிக்கொள்ள ஆகும் நேரத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல், எதிர்ப்பக்கத்துக் கோரோடு பேச ஆகிறது. ஆகவே ராமை வேகப்படுத்தினால் ராமும் வேகமாகும், செயலியின் இரு பாதிகளுக்கு இடையே உள்ள சாலையும் வேகமாகும். எக்ஸ்264 ஏற்றுமதியில் இதன் பயன் சிறிதாகவே தெரியும், ஏனெனில் அங்கே கோர்கள் தத்தம் வேலையைப் பெரும்பாலும் தனித்தனியே செய்துகொண்டிருக்கும். விளையாட்டில், அதுவும் 1080பி திரையில், இது நன்றாகவே தெரியும்.

நண்பரின் ராம் ஏன் மறுக்கிறது என்பதற்கு வருகிறேன். ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தருவது, ஒற்றை ரேங்க் (ரேங்க் என்பது ராமில் ஒன்றாக இயங்கும் சிப்களின் அணி) ராம் இரண்டு என்றால் 2667 வரை, இரட்டை ரேங்க் இரண்டு என்றால் 2400 வரை. நான்கு இடங்களையும் நிரப்பினால் 2133, இரட்டை ரேங்காக இருந்தால் 1866. இதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ராமில் உள்ள சிப்பையும் பயாஸையும் பொறுத்தது. சாம்சங் பி-டை சிப் கொண்ட ராம்கள் 3200 வேகம், சிஎல்14 (சிஎல் என்பது ராம் பதிலளிக்க எடுக்கும் கடிகாரச் சுழற்சிகள்) வரை பெரும்பாலும் சிரமமின்றிப் போகின்றன. ஹைனிக்ஸ் சிப் கொண்டவை 2666-லேயே அடம்பிடிப்பதை அதிகம் பார்க்கிறேன். ராமின் அட்டைப்பெட்டியில் இந்த விவரம் இருக்காது. தைஃபூன் பர்னர் போன்ற மென்பொருளால் படித்துக்கொள்ளலாம்.

எக்ஸ்எம்பியை மறந்துவிட்டுக் கையால் அமையுங்கள். இன்றைய பயாஸ்களில் 3000 என்ற படியே இல்லை. 2666-க்கு அடுத்தது 2933. ராமுக்கு 1.35 வோல்ட், சாக் மின்னழுத்தம் (செயலிக்குள் உள்ள ராம் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்வது) 1.1 வோல்ட்டுக்குள், முதலில் 2666. அது நிலையாக ஓடினால் 2933. சிஎல் எண்ணை இரட்டைப்படையாகவே வையுங்கள், ஏனெனில் வேகமான ராமை நிலையாக ஓட்ட உதவும் கியர்டவுன் முறை இப்போது தானாகவே இயங்குவதால் 15 என்று இட்டாலும் அது 16 ஆகத்தான் ஓடும். படி கிடைக்கவில்லையே என்று அடிப்படைக் கடிகாரத்தை 100-க்கு மேல் ஏற்றும் வேலையில் இறங்க வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸின் கடிகாரமும் அதனோடு சேர்ந்தே ஏறும் என்பதால், கிராபிக்ஸ் கார்டின் இணைப்பு முந்தைய தலைமுறை வேகத்துக்கு இறங்கிவிடக்கூடும்.

ராம் நிலையாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை செயலியை ஓவர்கிளாக் செய்யாமல் விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், கணினி உறையும்போது எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் 3.9 சினிபெஞ்சைத் தாண்டியும் ஏற்றுமதியில் விழுந்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: சினிபெஞ்ச் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, ஏற்றுமதியோ செயலியையும் விஆர்எம்மையும் முழுவதுமாகச் சூடேற்றிய பிறகும் தொடர்கிறது. சினிபெஞ்ச் முடிந்தது என்பதை நிலைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

மட்டைவீரன் (18 ஏப்ரல் 2017)

விளையாட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். 1080பி திரையில் அதிக பிரேம்கள்தான் குறிக்கோள் என்றால், இன்டெலின் 339 டாலர் ஐ7-7700கே இன்றும் முன்னால்தான் நிற்கிறது, தானாகவே 4.5 வரை ஓடும் அதை 4.8-க்கு மேல் ஓட்டுகிறவர்களும் பலர். 4.0 எட்டினாலும் 1700 அந்த இடைவெளியை மூடாது. நண்பரின் முதன்மையான வேலை ஏற்றுமதி என்பதால் அவருடைய தேர்வு சரிதான். விண்டோஸில் சமநிலை மின்திட்டத்தில் வைத்திருந்தால், இம்மாதம் 6-ஆம் தேதி ஏஎம்டி வெளியிட்ட ரைசன் சமநிலைத் திட்டத்தை நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோர்களை அடிக்கடி உறங்க வைப்பதை அது தடுக்கிறது.

படத்தொகுப்பாளன் (22 ஏப்ரல் 2017)

அனைவருக்கும் நன்றி. அஜெசா 1.0.0.4 கொண்ட பயாஸை ஏற்றினேன். உறக்கத்திலிருந்து எழுந்த பின்பும் மதிப்பெண் மாறவில்லை. செயலி 3.8-இல் 1.26 வோல்ட்டோடு பிரைம்95-ஐத் தாங்குகிறது. வெப்பநிலை எழுபதுகளின் தொடக்கத்துக்கு இறங்கிவிட்டது, விசிறியின் சத்தமும் அடங்கியது. ராம் ஹைனிக்ஸ் சிப் கொண்டதாம். 2666-இல் எந்தத் தொல்லையும் இல்லை. 2933-இல் சூடான மறுதொடக்கம் சரியாக நடக்கிறது. ஆனால் காலையில் முதன்முதலாக இயக்கும்போது மட்டும் சில நாட்களில் தொடங்க மறுக்கிறது. சாக் மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றிப் பார்க்கலாமா?

நினைவகன் (22 ஏப்ரல் 2017)

1.1-க்கு மேல் ஏற்றிப் பயன் வருமென்று எனக்குத் தோன்றவில்லை. விண்டோஸுக்குள் பிழையின்றி ஓடும் ராம், குளிர்ந்த தொடக்கத்தில் மட்டும் மறுக்கிறது என்றால், கணினி தொடங்கும்போது நடக்கும் ராம் பயிற்சியில் (ராமுக்கு ஏற்ற அமைப்பைச் சோதித்துத் தேர்வதில்) பயாஸ் தேர்ந்தெடுக்கும் மதிப்புகள்தான் தடுமாறுகின்றன. அவற்றை நாமே மாற்றும் வழியை இப்போதைய பயாஸ் தருவதில்லை. ஏற்றுமதிக்குக் கெடு இருக்கும் நாட்களில் 2666-இலேயே ஓட்டுங்கள்.

வோல்ட்மானி (28 மே 2017)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். மேலே விடுபட்ட கேள்விக்கு விடை வந்திருப்பதால் எழுதுகிறேன். ஏஎம்டி 25-ஆம் தேதி அறிவித்த அஜெசா 1.0.0.6, ராமுக்கென 26 புதிய அமைப்புகளைத் திறந்துவிடுகிறது. அடிப்படைக் கடிகாரத்தைத் தொடாமலேயே 4000 வரையிலான படிகள், கியர்டவுனை அணைக்கும் வசதி, 2டி கட்டளை வேகம், பயிற்சியின்போது பயன்படும் பிராக்ஓடிடி மின்தடை ஆகியவை அவற்றில் அடங்கும். படத்தொகுப்பாளனின் காலைத் தொல்லைக்கு முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது பிராக்ஓடிடிதான். அதன் மதிப்பை ஒவ்வொரு படியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கணினியின் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, ஆறவிட்டுத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான மதர்போர்டுகளுக்கு இது ஜூன் நடுவிலோ இறுதியிலோ வந்து சேரும். சோதனைப் பதிப்பாகச் சில நிறுவனங்கள் முன்னதாகவே தருகின்றன. தொழிலுக்கு நம்பியிருக்கும் கணினியில் அதை ஏற்ற வேண்டாம். ஏற்றும் நாளில், இப்போதுள்ள பயாஸ் அமைப்புத் திரைகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய பயாஸ் ஏறியதும் சேமித்து வைத்திருக்கும் ஓவர்கிளாக் அமைப்புகள் அழிந்துவிடும்; பழைய கோப்பிலிருந்து மீட்க முயன்றாலும் பல மதர்போர்டுகள் அதை ஏற்பதில்லை.